தமிழில் மூன்று மணி

ஜேர்மனில் நாலு மணி என்று போட்டோம்.
தமிழில் மூன்று.
பதினேழு வருசமாக மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
நொடிமுள் பூட்டுகிறவள் நான்.
முழுதாய் ஒரு மணித்தியாலத்தைக்
கூசாமல் களவெடுத்தேன்.
மூன்று என்றால்தான் எங்கட ஆக்கள்
நாலுக்காவது வெளிக்கிடுவினம்.

பீல், இரண்டு மொழி பேசுகிற ஊர்.
பிரெஞ்சை விட்டுவிட்டோம்.
எங்கள் வீட்டுக்கென்று வேறே இரண்டு இருந்தது.

பக்கத்தைக் கட்டுகிறவள் சாயினி.
பன்னிரண்டு வயது.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
பாதி உரித்த தோடம்பழம்.
திரை கேட்பதை அவள் வாசிப்பாள்,
நானும் தவநேசனும் ஆளையாள் பார்ப்போம்.

கார் எங்கே விடுவது: அது சுகம்.
ஸ்டேஷனிலிருந்து எந்த பஸ்: அதைவிடச் சுகம்,
அவர் ஓட்டுகிற பஸ்தான்.
இறைச்சியா, சைவமா, கச்சான் ஒவ்வாதா,
பால் ஒவ்வாதா என்று
ஜேர்மனில் எட்டுப் பெட்டி கீறினோம்.
தமிழில்: இராப்போசனம் உண்டு.

அன்பளிப்பு.
ஜேர்மனில் வங்கிக் கணக்கின்
இருபத்தொரு எழுத்தும் இலக்கமும்
ஒன்றும் விடுபடாமல்.
தமிழில் அதைப் போட்டால் மரியாதையில்லை.
போடாவிட்டாலும் என்வலப் வரும்.

பிறகு வந்தது அந்தப் பெட்டி:
நீங்கள் சந்தித்த கதை.

கதை இதுதான்.
மெட்டில் எங்கள் கட்டடத்து நிலவறை,
உடுப்புத் தோய்க்கிற அறை.
செவ்வாய் என் முறை, புதன் அவருடையது.
ஒரு செவ்வாய் நான் மறந்துபோன ஈர உடுப்பை
வாளியில் எடுத்து வைத்து
மேலே ஒரு துண்டு:
"மன்னிக்கவும், உங்கள் நேரம் முடிந்துவிட்டது."
தமிழில்.
சேலைப் பாவாடையைக் கண்டிருப்பார்.
அதன் கீழே எழுதினேன்:
"ஒரு காலுறை குறைகிறது."
எட்டு மாதம் அந்தச் சுவரில் துண்டு ஒட்டினோம்.
காலுறை இன்றைக்கு வரைக்கும் இல்லை.

ஜேர்மனுக்கு அப்படியே போகட்டும் என்றேன்.
என்னோடு வேலை செய்கிற ஊர்சுலா
வாசித்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.
தமிழுக்கு அவரே சொன்னார்:
"பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு."

எந்தப் பெரியோர்?
லண்டனில் இருக்கிற என் அண்ணன்
விவாகரத்துக் கடிதம் வந்த கிழமையிலிருந்து
என் அழைப்பை எடுப்பதில்லை.
அவருடைய அக்கா கேட்டது ஒரே கேள்வி:
பிள்ளையும் சேர்த்தோ?

செல்வி என்று போடேலாது.
திருமதி என்றால், ஆருடைய?
வெறுமனே கௌசிகா என்று போட்டோம்.
முன்னுக்கு ஒன்றுமில்லாமல்
குளிர்காலத்தில் தொப்பி மறந்தவள்போல
நின்றது பெயர்.

சாயினி தட்டுவதை நிறுத்தினாள்.
இரண்டு பக்கத்தையும் திரையில்
அருகருகே இழுத்து வைத்தாள்.
"இதில நான் இருக்கிறன்."
ஜேர்மனைத் தொட்டுக் காட்டினாள்.
மோதிரம் கொண்டுவருவது: சாயினி.
"இதில நான் எங்க?"

தவநேசன் தோடம்பழத்தை எடுத்து
மிச்சத்தை உரிக்கத் தொடங்கினார்,
வெள்ளை நார் ஒன்றும் விடாமல்.
"தமிழில அப்பிடி எழுதுறேல்லையம்மா," என்றேன்.
"ஏன், அதுக்குத் தமிழில சொல் இல்லையா?"

இருந்தது.
மூன்றெழுத்து.
மகள் என்று எழுத எனக்குக் கை வராததல்ல.
லண்டனில் ஒருவர் வாசிப்பார்,
வாசித்து அடுத்தவருக்கு அனுப்புவார்,
அந்தப் பயம்தான்.

அவள் பெரியோர்களை அழித்தாள்,
கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தமிழில்
மெல்ல மெல்லத் தட்டினாள்:
"அம்மாவையும் தவா அங்கிளையும்
நான் கூட்டிக்கொண்டு வருகிரேன்."

றகரம் பிழை.
நான் கண்டேன், அவரும் கண்டார்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஒரு சுளையை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப நேரத்தையும் உண்மையாப் போடவோ?"
வாயில் சுளையோடு கேட்டாள்.

"இல்லை," என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்,
"அது மூன்றாகவே கிடக்கட்டும்."